உரத்தின் நைட்ரேட் அடிமண்ணுக்கு இறங்காமல் தடுக்க மண்ணில் எதைச் சேர்க்கலாம், எதை நம்பக் கூடாது

மண்சீர்திருத்தி என்று விற்கப்படும் பொருட்களில் பெரும்பாலானவற்றின் பையில் ‘உரம் வீணாகாமல் பிடித்து வைக்கும்’ என்ற வரி இருக்கும். எந்த உரத்தை, எந்த வடிவில், எத்தனை நாள் பிடித்து வைக்கும் என்று அந்த வரி சொல்வதில்லை. தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பொறுத்தவரை பதில் இந்த விவரத்தில்தான் இருக்கிறது.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. மண்ணில் விழுந்ததும் அது மூன்று கட்டங்களைக் கடக்கிறது. முதல் கட்டத்தில் அது யூரியாவாகவே இருக்கும். அதற்கு மின்னூட்டம் இல்லை, தண்ணீரில் எளிதில் கரையும், தண்ணீர் போகும் இடமெல்லாம் போகும். மண்ணில் உள்ள யூரியேஸ் என்ற நொதி, சூடான ஈரமண்ணில் சில நாட்களுக்குள் அதை அம்மோனியமாக மாற்றுகிறது. அம்மோனியம் நேர்மின்னூட்டம் கொண்டது. களிமண் துகள்களும் மட்கிய கரிமப் பொருளும் எதிர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் அம்மோனியம் அவற்றில் ஒட்டிக்கொள்கிறது. மூன்றாவது கட்டத்தில் இருவகை பாக்டீரியாக்கள் அடுத்தடுத்து வேலை செய்து அம்மோனியத்தை நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. 25 முதல் 30 டிகிரி வெப்பமும் போதிய ஈரமும் இருந்தால் இரண்டு முதல் நான்கு வாரங்களில் இது பெரும்பாலும் முடிந்துவிடும். நைட்ரேட் எதிர்மின்னூட்டம் கொண்டது. அதே மின்னூட்டம் கொண்ட மண் துகள் அதைப் பிடிப்பதில்லை. இப்போது அது மீண்டும் தண்ணீரின் கையில்.

அதனால் சாதாரண வயல் மண்ணில் நைட்ரேட்டை நேரடியாகப் பிடித்து நிறுத்தும் பொருள் என்று எதையும் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. மண்ணில் சேர்க்கும் பொருட்கள் செய்யக்கூடிய உதவி மூன்று வகைப்படும். அம்மோனியமாக இருக்கும் காலத்தை நீட்டலாம். தண்ணீர் வேர்ப்பகுதியைத் தாண்டி இறங்குவதைத் தாமதப்படுத்தலாம். நைட்ரேட்டை நுண்ணுயிர்களுக்கு உணவாக்கி, அவற்றின் உடலில் சில வாரங்கள் பூட்டி வைக்கலாம். எந்தப் பொருளை வாங்குவதற்கு முன்பும் இந்த மூன்றில் இது எதைச் செய்கிறது என்று கேட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

தண்ணீர்க் கணக்கு முதலில்

ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. தண்ணீர் என்றால் 10,000 லிட்டர். வேர்ப்பகுதிக்குக் கீழே ஒரு பருவத்தில் 100 மி.மீ. வடிகிறது, அந்த நீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜன் (நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனின் எடை மட்டும்) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் லிட்டரில் 20 கிலோ தழைச்சத்து, அதாவது 43 கிலோ யூரியா, பயிருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது.

குடிநீர்ப் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு இன்னும் கடுமையானது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைட்ரேட்டுக்கு வைத்திருக்கும் வழிகாட்டு வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாயும் ஆபத்தை மனதில் வைத்து வகுத்த வரம்பு இது. 50 மில்லிகிராம் நைட்ரேட்டில் நைட்ரஜன் 11.3 மில்லிகிராம்தான். ஆண்டுக்கு 200 மி.மீ. நீர் நிலத்தடிக்கு இறங்கும் வயலில் ஹெக்டேருக்கு வெறும் 22 அல்லது 23 கிலோ தழைச்சத்து இறங்கினாலே அந்த நீர் வரம்பைத் தொட்டுவிடும். வயலில் இழப்பாகவே தெரியாத அளவு, கிணற்றில் நஞ்சாகத் தெரியும்.

எவ்வளவு ஆழம் இறங்கும் என்பது மண்ணின் நீர்க்கொள்ளளவைப் பொறுத்தது. வடிந்து முடிந்த மணற்பாங்கான மண்ணில் கன அளவில் ஏறக்குறைய 10 சதவீதம் நீர் நிற்கும். களி கலந்த இருமண்ணில் (மணலுக்கும் களிமண்ணுக்கும் இடைப்பட்ட மண்) 33 சதவீதம் வரை நிற்கும். மண் ஏற்கெனவே நிறைந்திருக்கும்போது அதற்கு மேல் பெய்யும் ஒவ்வொரு 10 மி.மீ. நீரும், மணலில் நைட்ரேட்டை ஏறத்தாழ 10 செ.மீ. கீழே தள்ளும், இருமண்ணில் 3 செ.மீ. தள்ளும். வேர் 60 செ.மீ. வரை போகும் பயிருக்கு, மணலில் 60 மி.மீ. உபரி நீர் போதும், மேலுரமாகப் போட்டது முழுக்க வேரைத் தாண்டிவிடும். ஒரே இரவு மழையில் இது நடந்துவிடலாம். இருமண்ணில் அதே இழப்புக்கு 200 மி.மீ. வேண்டும்.

வெடிப்பு விடும் கனத்த களிமண்ணுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. காய்ந்து பிளந்த நிலத்தில் உரத்தைத் தூவி உடனே தண்ணீர் கட்டினால், வெடிப்பு வழியாக உரநீர் நேரே அடிக்குப் போகும். நடுவில் உள்ள மண்கட்டிகள் நனைவதற்குள் பாதி உரம் போயிருக்கும். அங்கே மண்சீர்திருத்தியைத் தேடுவதை விட, உரம் போடுவதற்கு முன் மேலாக ஒரு கொத்து கொத்தி வெடிப்பை மூடுவதும், மூடாக்குப் போட்டு வெடிக்க விடாமல் வைப்பதும் அதிகப் பலன் தரும்.

வைக்கோல், தொழு உரம், மட்கு

இந்தக் குடும்பத்தில்தான் தவறுகள் அதிகம். எல்லாமே ‘இயற்கை உரம்’ என்ற ஒரே பெயரில் அடங்குவதால், ஒன்றுக்கொன்று நேர்மாறாக வேலை செய்யும் பொருட்களை ஒரே மாதிரி பயன்படுத்துகிறார்கள்.

பிரிக்கும் கோடு கார்பன்-நைட்ரஜன் விகிதம். அது 25 முதல் 30-க்கு மேல் இருந்தால், பொருளை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தங்கள் உடலைக் கட்ட மண்ணிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே இருந்தால் மட்கும்போது தழைச்சத்து வெளியே வரும். வைக்கோலில் விகிதம் 60 முதல் 100 வரை. மரத்தூளில் சில நூறு. நன்கு முதிர்ந்த மட்கில் 20-க்குக் கீழே. கோழி எருவில் அதைவிடவும் குறைவு.

ஒரு டன் வைக்கோலை எடுத்துக்கொள்வோம். அதில் கார்பன் ஏறக்குறைய 400 கிலோ, நைட்ரஜன் 5 கிலோ. அந்தக் கார்பனில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், சுமார் 140 கிலோ, நுண்ணுயிர் உடலாகிறது. மீதி கரியமில வாயுவாகப் போய்விடும். நுண்ணுயிர் உடலில் 8 முதல் 10 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் இருக்கும் என்பதால் 14 முதல் 17 கிலோ தேவை. வைக்கோலிலேயே இருப்பது 5. மீதி 9 முதல் 12 கிலோவை மண்ணிலிருந்து எடுத்தாக வேண்டும். எல்லாக் கார்பனும் ஒரே பருவத்தில் மட்குவதில்லை என்பதால் வயலில் டன்னுக்கு 5 முதல் 10 கிலோ என்று கொள்ளலாம். ஹெக்டேருக்கு 4 டன் வைக்கோலை நறுக்கி மண்ணில் கலந்தால் 20 முதல் 40 கிலோ நைட்ரேட்-நைட்ரஜன் சில வாரங்களுக்குப் பூட்டப்படும்.

இதற்குச் சரியான நேரம் அறுவடை முடிந்து, மண்ணில் மிச்சம் கிடக்கும் நைட்ரேட்டை மழை அடித்துப் போவதற்கு முந்திய நாட்கள். நீளம் 5 முதல் 10 செ.மீ. இருக்கும்படி நறுக்கி, மேல் 10 முதல் 15 செ.மீ. மண்ணில் கலக்க வேண்டும். மேலே பரப்பி விட்டால் அது நல்ல மூடாக்கு; ஆனால் நைட்ரேட்டைப் பூட்டாது, ஏனெனில் நைட்ரேட் இருக்கும் இடத்தில் கார்பன் இல்லை. விதைப்புக்கு நான்கு வாரம் முன்பே இதை முடித்துவிட வேண்டும். விதைக்கும் அன்று கலந்தால் நாற்று மஞ்சளடிக்கும். மஞ்சளைப் பார்த்து பயந்து கூடுதல் யூரியா போடுவார்கள். சில வாரம் கழித்து நுண்ணுயிர்கள் சாகத் தொடங்கி பூட்டிய தழைச்சத்தும் வெளியே வரும். இரண்டும் சேர்ந்து, முன்பிருந்ததை விடக் கூடுதலாக நைட்ரேட் இறங்கும்.

கோழி எரு இதற்கு நேர் எதிர். 2.5 சதவீதம் தழைச்சத்துள்ள கோழி எருவை 5 டன் போட்டால் 125 கிலோ தழைச்சத்து போட்டதாக அர்த்தம். அதில் பாதி முதல் ஆண்டிலேயே வெளியே வரும். தொழு உரத்தில் அரை சதவீதம் என்று வைத்தால் 10 டன்னில் 50 கிலோ. முதல் ஆண்டில் கால் பங்கு. மட்கில் இன்னும் மெதுவாக, பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். இந்த அளவுகளை ரசாயன உரக் கணக்கிலிருந்து கழிக்காமல் விட்டால், மண்சீர்திருத்தி என்று நினைத்துப் போட்டதே கசிவுக்குக் காரணமாகிவிடும். பயிர் இல்லாத மாதங்களிலும் மட்குதல் நிற்பதில்லை என்பதை இங்கே கணக்கில் கொள்ள வேண்டும். தரிசு நிலத்தில் மழைக்கு முன் கொட்டிய எரு, நைட்ரேட்டை நேரே நிலத்தடி நீருக்கு அனுப்புகிறது.

மட்கு போட்டால் மண் பஞ்சு போல நீரைப் பிடிக்கும் என்று சொல்வது வழக்கம். அளவு தெரிந்தால் எதிர்பார்ப்பு தணியும். உலகெங்குமான மண் தரவுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வில், கரிமக் கார்பன் 1 சதவீதம் கூடினால் ஒவ்வொரு 100 மி.மீ. ஆழத்துக்கும் பயிருக்குக் கிடைக்கும் நீர் சராசரியாக 1 மி.மீ.க்குச் சற்று மேல்தான் கூடியது. மணலில் பலன் அதிகம், களியில் குறைவு. அந்த 1 சதவீதத்தை உயர்த்துவதும் எளிதல்ல: 15 செ.மீ. ஆழ மேல்மண் ஹெக்டேருக்குச் சுமார் 2,250 டன். அதில் 1 சதவீதம் என்றால் 22.5 டன் கார்பன். 75 முதல் 90 டன் உலர்ந்த மட்கு, அதுவும் மட்கிப் போகாமல் இருந்தால். மட்கின் உண்மையான பலன் மண்கட்டமைப்பிலும், அம்மோனியத்தைப் பிடிக்கும் திறனிலும், வேர் ஆழமாகப் போக உதவுவதிலும் இருக்கிறது. ஆழமாகப் போன வேர், கீழே இறங்கிய நைட்ரேட்டைத் திரும்பப் பிடிக்கும். பல ஆண்டுகள் தொடர்ந்து போட்டால் மட்டுமே இது தெரியும்.

உயிர்க்கரி

காற்று இல்லாமல் 350 முதல் 700 டிகிரியில் தாவரக் கழிவைச் சுட்டால் கிடைப்பது உயிர்க்கரி. நைட்ரேட் கசிவு பற்றிய ஆய்வுகளில் அதிகம் பேசப்படும் பொருள் இதுதான். அதிகம் மிகைப்படுத்தப்படுவதும் இதுதான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் சராசரிக் குறைவு பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நாள் செல்லச் செல்லக் கால் பங்கு வரை போகிறது. நல்ல பலன், ஆனால் ‘கசிவே இல்லை’ என்ற விளம்பரத்துக்கு எங்கோ தூரம்.

விளம்பரம் எங்கிருந்து வருகிறது என்றால், தொட்டிச் சோதனைகளிலிருந்து. அங்கே மண்ணின் எடையில் 2 முதல் 5 சதவீதம் உயிர்க்கரி கலப்பார்கள். வயலில் 15 செ.மீ. ஆழத்துக்கு அதே விகிதம் வேண்டுமென்றால் ஹெக்டேருக்கு 45 முதல் 110 டன். நடைமுறையில் விவசாயி போடுவது 5 அல்லது 10 டன்; 10 டன் என்பது அந்த மண்ணில் 0.44 சதவீதம். தொட்டியில் கண்ட பலனை வயலுக்கு அப்படியே கொண்டுவர முடியாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சுடும் வெப்பம் முக்கியம். 400 டிகிரியை ஒட்டிச் சுட்ட கரியின் பரப்பில் அம்மோனியத்தைப் பிடிக்கும் இடங்கள் அதிகம். 600 டிகிரிக்கு மேல் சுட்டால் அவை குறையும். நுண்துளைகளும் உள்பரப்பும் கூடும், நைட்ரேட்டைச் சிறிதளவு பிடிக்கும் தன்மையும் வரும். பச்சைக் கரியாகப் போடுவதை விட, மட்குக் குவியலில் சேர்த்து மட்கவைத்த கரி மேலானது. மட்கும்போது துளைகளின் சுவரில் கரிமப் படலம் படிகிறது. அதன் இடுக்குகளில் நைட்ரேட் கரைசல் சிக்கிக்கொண்டு, மெதுவாக வெளியே வருகிறது. எங்கள் கணிப்பில் உயிர்க்கரிக்குச் செலவழிக்க ஒருவர் முடிவெடுத்தால், மட்குடன் கன அளவில் 10 முதல் 20 சதவீதம் சேர்த்து இரண்டு மூன்று மாதம் மட்கவைத்துப் போடுவதே சரியான வழி.

பிழைகள் நடக்கும் இடங்கள்: பெரும்பாலான கரியின் கார அமில நிலை (pH) 8 முதல் 10 வரை இருக்கும். ஏற்கெனவே காரமான மண்ணின் மேற்பரப்பில் கரியைத் தூவி, அதன்மேல் யூரியாவையும் தூவினால் அம்மோனியம் அம்மோனியா வாயுவாகிக் காற்றில் போகும். கீழே போகாமல் காத்தது மேலே போய்விட்டது. உலர்ந்த கரியைத் தூவினால் காற்று அள்ளிக்கொண்டு போகும்; எடையில் கால் பங்கு தண்ணீராவது தெளித்து ஈரமாக்கியே போட வேண்டும். விதைப்புக்கு முன் அடிக்கும் களைக்கொல்லியைக் கரி உறிஞ்சிக்கொள்ளும். களை கட்டுப்படாமல் மருந்தின் அளவை ஏற்றுவார்கள். ஒருமுறை கலந்த கரியைத் திரும்ப எடுக்க முடியாது, அதனால் முழு வயலுக்கும் போடுமுன் ஒரு பட்டையில் போட்டுப் பார்க்க வேண்டும்.

சியோலைட்

கிளினோப்டிலோலைட் என்ற எரிமலைக் கனிமம்தான் வேளாண்மையில் பெரும்பாலும் பயன்படுவது. இதன் அயனி மாற்றுத்திறன், அதாவது நேர்மின்னூட்ட அயனிகளைப் பிடித்து வைக்கும் அளவு, கிலோவுக்கு 100 முதல் 200 சென்டிமோல். மணற்பாங்கான மண்ணில் இது 3 அல்லது 4 தான். இதன் உள்ளே செல்லும் குழல்களின் அகலம் ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. அம்மோனியம் அயனி அதற்குள் நுழைந்துவிடும். அதை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா அதைப் போல ஆயிரம் மடங்கு பெரியது, நுழைய முடியாது. உள்ளே போன அம்மோனியம் பாதுகாப்பாக இருந்து, பயிர் வேருக்கருகில் கரைசல் நீர்த்துப்போகும்போது மெல்ல வெளியே வருகிறது. நைட்ரேட்டை இது பிடிக்காது; நைட்ரேட் உரம் போடும் வயலில் சியோலைட்டால் பலன் இல்லை.

கணக்கைப் பார்ப்போம். திறன் 150 சென்டிமோல் என்றால், ஒரு டன் சியோலைட் முழுக்க அம்மோனியத்தால் நிரம்பினால் 21 கிலோ தழைச்சத்து தாங்கும். வயலில் முழுக்க நிரம்பாது. கால்சியமும் பொட்டாசியமும் போட்டிக்கு நிற்கும். ஹெக்டேருக்கு 5 டன்னை 15 செ.மீ. மண்ணில் பரவலாகக் கலந்தால் மண்ணின் மொத்த மாற்றுத்திறன் 0.33 சென்டிமோல்தான் கூடும், 3 இருந்தது 3.3 ஆகும். எனவே பரவலாகத் தூவுவது வீண் செலவு. உரம் விழும் இடத்தில் வைக்க வேண்டும்: விதை வரிசைக்குப் பக்கவாட்டில் 5 செ.மீ. தள்ளி, 5 செ.மீ. ஆழத்தில், உரத்தோடு கலந்து பட்டையாக. அப்படி வைத்தால் ஹெக்டேருக்கு 500 கிலோ கூட அந்தப் பட்டையில் பெரிய விகிதமாகிவிடும். 1 மி.மீ.யை ஒட்டிய சிறு துகளாக வாங்க வேண்டும். பெரிய கல்லாக இருந்தால் உட்பகுதி வேலைக்கு வராது. சோடியம் மிகுந்த சியோலைட் மண்கட்டமைப்பைக் கெடுக்கும். பகுப்பாய்வுச் சீட்டில் சோடியம் அளவைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

யூரியா போட்ட அன்றே நிறையத் தண்ணீர் கட்டினால் சியோலைட்டும் உதவாது. யூரியா இன்னும் அம்மோனியமாக மாறவில்லை. மின்னூட்டமற்ற அது சியோலைட்டைக் கண்டுகொள்ளாமல் இறங்கிப் போகும். 10 முதல் 15 மி.மீ. நீர் கொடுத்து மண்ணுக்குள் இறக்கிவிட்டு, மூன்று நான்கு நாள் பொறுத்து அடுத்த தண்ணீரைக் கொடுக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம், பல டன் மண்சீர்திருத்தியை விடப் பெரிய சேமிப்பு.

மணலுக்கு வண்டலும் களியும்

உண்மையான மணல் நிலத்தில் நிரந்தர மாற்றம் வேண்டுமானால் களி சேர்ப்பதே வழி. மட்கு காலப்போக்கில் சிதைந்து போகும், களி இருக்கும். ஆஸ்திரேலியாவின் மணல் நிலங்களில் நீர் ஒட்டாத தன்மையைப் போக்க ஹெக்டேருக்கு நூறு டன்னுக்கு மேல் களிமண் கொட்டிக் கலக்கும் முறை நடைமுறையில் இருக்கிறது. ஏன் இவ்வளவு? 10 செ.மீ. மேல்மண் 1,500 டன். களியின் பங்கை 3 சதவீதம் உயர்த்த 45 டன் தூய களி வேண்டும்; வண்டலில் 40 சதவீதம்தான் களி என்றால் 110 டன்னுக்கு மேல் வண்டல்.

வண்டலைக் கொட்டுவது எளிது, கலப்பதுதான் வேலை. ஈரமாகக் கலந்தால் கட்டிகளாகவே கிடக்கும். நீர் கட்டிகளுக்கு நடுவே உள்ள மணல் வழியாக முன்போலவே இறங்கும். காயவிட்டு, உடைத்து, குறுக்கும் நெடுக்குமாக உழுது 20 செ.மீ. வரை கலக்க வேண்டும். மேலாகவே விட்டால் இறுகி ஓடாகும், விதை முளைக்காது. உப்பு, காரத்தன்மை, களையின் விதை ஆகியவற்றை வண்டலில் முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

நீர்பிடி பாலிமர்களைப் பற்றி இங்கே சுருக்கமாக: தூய நீரில் தன் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு உறிஞ்சும் அதே பொருள், உரக் கரைசலிலும் கால்சியம் மிகுந்த நீரிலும் அதில் சிறு பகுதியே உறிஞ்சும். நாற்றங்காலுக்கும் தொட்டிச் செடிக்கும் சரி. நைட்ரேட் கசிவைத் தடுக்க வயல் முழுக்கப் போடுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

ஜிப்சமும் சுண்ணாம்பும் நைட்ரேட்டைப் பிடிப்பதில்லை

சோடியத்தால் இறுகிய களர் நிலத்தில் ஜிப்சம் வேரை ஆழமாகப் போகவிடும்; அந்த வகையில் மறைமுகப் பலன் உண்டு. ஆனால் களர் சீர்திருத்தத்தின் பகுதியே, ஜிப்சம் போட்டபின் நிறைய நீர் கட்டி சோடியத்தைக் கீழே கழுவுவது. அதற்கு முன் யூரியாவோ எருவோ போட்டிருந்தால் நைட்ரேட்டும் சேர்ந்து கழுவப்படும். முதலில் ஜிப்சம், பிறகு கழுவுதல், நீர் வடிந்த பிறகே தழைச்சத்து. மணல் நிலத்தில் ஜிப்சத்துக்கு இந்த விஷயத்தில் வேலையில்லை. அதன் கால்சியம் ஒட்டியிருக்கும் அம்மோனியத்தைத் தள்ளிவிடவும் செய்யும்.

அமில நிலத்தில் சுண்ணாம்பு நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவை வேகப்படுத்தும். இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் மிகுந்த வெப்பமண்டலச் செம்மண்களிலும் எரிமலைச் சாம்பல் மண்களிலும், அமிலத்தன்மை காரணமாக அடிமண் நேர்மின்னூட்டம் பெற்று நைட்ரேட்டைக் கொஞ்சம் பிடிக்கும். நைட்ரேட் உண்மையிலேயே மண்ணில் ஒட்டும் அரிதான இடம் இது. சுண்ணாம்பு அடிமண்ணுக்கு எட்டினால் அந்தப் பிடிப்பு தளரும். அதற்காகச் சுண்ணாம்பைத் தவிர்க்கச் சொல்லவில்லை. அலுமினிய நஞ்சில் வேர் கருகிக் கிடந்தால் நைட்ரேட்டை எடுக்கவே ஆளில்லை.

பாக்டீரியாவின் வேகத்தைக் குறைக்கும் பொருட்கள் தனி வகை. வேப்பம் பிண்ணாக்கு, வேப்பெண்ணெய் பூசிய யூரியா, டைசயன்டைஅமைடு, டி.எம்.பி.பி., நைட்ராபைரின் ஆகியவை அம்மோனியத்தை மேலும் சில வாரம் அம்மோனியமாகவே வைத்திருக்கும். டைசயன்டைஅமைடு ஹெக்டேருக்கு 15 முதல் 30 கிலோ வேண்டும். நீரில் கரைவதால் கனமழையில் அம்மோனியத்தை விட்டுவிட்டு தானே இறங்கிப் போய்விடும். பாலில் அதன் எச்சம் காணப்பட்டதால் 2013-இல் நியூசிலாந்தில் விற்பனை நிறுத்தப்பட்டது. டி.எம்.பி.பி.க்கு ஒன்றிரண்டு கிலோவே போதும். வெப்பம் கூடக்கூட எல்லாமே விரைவில் சிதையும். குளிர்நாட்டில் மாதக்கணக்கில் வேலை செய்வது, வெப்பநாட்டில் வாரக்கணக்கில் முடியும். காரமான மண்ணில் மேலாகத் தூவினால் அம்மோனியா வாயு இழப்பு கூடும். மண்ணுக்குள் புதைப்பதுதான் பரிகாரம்.

குழாயில் வைத்துப் பார்க்கும் முறை

உங்கள் மண்ணில் ஒரு பொருள் வேலை செய்கிறதா என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். உள்விட்டம் 10 செ.மீ., நீளம் 40 செ.மீ. உள்ள பி.வி.சி. குழாய்கள் எட்டு. அடியில் வலையும் பருத்தித் துணியும் கட்டி, கழுவிய பெருமணல் 1 செ.மீ. போடுங்கள். காய்ந்து சலித்த அடிமண் 1.75 கிலோவை 5 செ.மீ. அடுக்குகளாகத் தட்டி நிரப்பி 15 செ.மீ. உயரத்துக்குக் கொண்டுவாருங்கள், மேலே அதே அளவு மேல்மண். ஒழுங்காகத் தட்டாவிட்டால் நீர் குழாய்ச் சுவரை ஒட்டி ஓடி எல்லாக் கணக்கையும் பொய்யாக்கும்.

குழாயின் பரப்பு 78.5 சதுர செ.மீ. ஹெக்டேருக்கு 5 டன் என்பது இங்கே 3.9 கிராம், 10 டன் என்பது 7.9 கிராம். மூன்று குழாய்களில் மேல்மண்ணோடு பொருளைக் கலந்து நிரப்புங்கள். மூன்றில் பொருள் இல்லை. மீதி இரண்டில் பொருளும் இல்லை, யூரியாவும் இல்லை. மண்ணின் சொந்த நைட்ரேட் எவ்வளவு என்று கடைசி இரண்டும் காட்டும். எல்லாவற்றையும் முதல் சொட்டு விழும்வரை நனைத்து, ஒரு நாள் வடியவிடுங்கள். ஹெக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து என்றால் குழாய்க்கு 0.17 கிராம் யூரியா. இவ்வளவு சிறிய அளவை நிறுக்க முடியாது, 1.7 கிராமை 400 மில்லி நீரில் கரைத்து, குழாய்க்கு 40 மில்லி ஊற்றுங்கள். துளையிட்ட பிளாஸ்டிக்கால் மூடி 14 நாள் சூடான நிழலில் வையுங்கள். அதன்பின் 50 மி.மீ. மழைக்குச் சமமான 393 மில்லி நீரை இரண்டு மணி நேரத்தில் சிறிது சிறிதாக ஊற்றி, வடிநீரை அளந்து, நைட்ரேட் தாளால் சோதியுங்கள். இரண்டு நாள் இடைவெளியில் இன்னும் இருமுறை.

வடிநீர் 300 மில்லி, தாள் காட்டுவது லிட்டருக்கு 150 மில்லிகிராம் நைட்ரேட் என்றால், 45 மில்லிகிராம் நைட்ரேட் இறங்கியிருக்கிறது, 4.43-ஆல் வகுத்தால் 10 மில்லிகிராம் நைட்ரஜன். போட்டது 78. சில தாள்கள் நைட்ரேட்டையும் சில நைட்ரேட்-நைட்ரஜனையும் காட்டும். உறையைப் படிக்காமல் ஒப்பிட்டால் நான்கு மடங்குக்கு மேல் தவறு வரும். மட்கு கலந்த குழாயின் நீர் பழுப்பாக வந்து தாளின் நிறத்தை மறைக்கும். காய்ச்சி வடித்த தூய நீர் சேர்த்து நான்கு மடங்கு நீர்க்கச் செய்து பார்த்துப் பெருக்கிக்கொள்ளலாம். மூன்று முறையும் சேர்ந்த மொத்தத்தில் கால் பங்குக்கும் குறைவான வித்தியாசத்தை இந்த முறையால் நம்பிச் சொல்ல முடியாது.

உரத்தைக் குறைக்காவிட்டால்

பூட்டி வைத்த தழைச்சத்து மறைந்துவிடவில்லை; பிறகு வெளியே வரும். பயிர் எடுக்கும் அளவைவிட ஆண்டுதோறும் 60 கிலோ கூடுதலாகப் போடும் வயலில், எந்தப் பொருளைச் சேர்த்தாலும் அந்த உபரி ஒருநாள் கீழே போகும் அல்லது காற்றில் போகும். மண்சீர்திருத்தியின் பலன் உர அளவு குறைந்தால்தான் கணக்கில் வரும். கசிவு 40 கிலோவாக இருந்து அதில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் 8 கிலோ தழைச்சத்து, 17 கிலோ யூரியா. அதை அடுத்த பருவத்தின் முதல் தவணையிலேயே குறைத்துவிட வேண்டும். வேர் இன்னும் பரவாத அந்த நாட்களில்தான் கசிவு மிக அதிகம். அடியுரத்தில் மொத்தத் தழைச்சத்தில் கால் பங்குக்கு மேல் வைக்காமல், மீதியை மூன்று நான்கு தவணையாகப் பிரிப்பது, மேலே சொன்ன எல்லாப் பொருட்களுக்கும் முன்னால் செய்ய வேண்டியது. செலவும் இல்லை.

நடக்கிறதா என்று பார்க்க, வயலில் பொருள் போடாத ஒரு பட்டையை அப்படியே விடுங்கள். அறுவடை முடிந்த வாரத்தில், மழைக்கு முன், இரண்டு இடங்களிலும் 0–30, 30–60, 60–90 செ.மீ. ஆழங்களில் தனித்தனியாக மண் எடுங்கள். பட்டைக்கு எட்டுப் பத்துக் குழியாவது வேண்டும். பையில் கட்டி வெயிலில் வைத்தால் உள்ளேயே நைட்ரேட் உருவாகிவிடும். அன்றே குளிரில் வைக்கவும் அல்லது மெல்லிதாகப் பரப்பி உலர்த்தவும். கிலோவுக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜன் என்று அறிக்கை வந்தால், 30 செ.மீ. ஆழ மண்ணில், அடர்த்தி 1.5 என்று வைத்து, ஹெக்டேருக்கு 45 கிலோ. இந்த மிச்சம் மேல் அடுக்கில் இருந்தால் அடுத்த பயிரின் உரத்தில் கழித்துக்கொள்ளலாம், அல்லது உடனே வைக்கோல் கலந்தோ விரைவில் வளரும் இடைப்பயிர் விதைத்தோ பிடிக்கலாம். 60–90 அடுக்கில் மேல் அடுக்கை விட அதிகமாக இருந்தால் அது பருவத்தின் நடுவிலேயே இறங்கிவிட்டது. அங்கே மாற்ற வேண்டியது பாசன அளவும் தவணைத் தேதியும்.